முதலில் விலை சொல்வது யார்?

கிரயப் பத்திரம் எழுத வருகிறவர்கள் விலையைப் பேசி முடித்துவிட்டுத்தான் வரவேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் முறை. ஆனால் கும்பகோணத்தில் என் அப்பா உட்கார்ந்து எழுதிய திண்ணையிலேயே நானும் உட்கார்ந்து எழுதியவன் என்பதால் சொல்கிறேன், வந்தவர்களில் பாதிப் பேர் முடிக்காமல்தான் வந்தார்கள். “கிரயத் தொகை என்ன போடட்டும்?” என்று பேனாவைத் திறந்ததும் இரண்டு தரப்பும் தரகர் முகத்தைப் பார்க்கும். தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒருவரை மட்டும் தெருமுனைக்கு அழைத்துப் போவார். அங்கே பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பத்திரம் முடிவை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். முதலில் எவ்வளவு கேட்டார்கள், யார் இறங்கினார்கள், எதைக் காட்டி இறக்கினார்கள், பேச்சு நடந்த இடத்தில் யார் இல்லை என்பதெல்லாம் அதில் இருக்காது. வீட்டுக்கு விலை பேசிய வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுபவை இந்த இரண்டுதான்: முதல் விலையைச் சொன்னது யார், பேச்சில் சேர்க்கப்படாமல் போனது யார்.

மிகப் பழைய முறையைக் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் பார்க்கலாம். வீடு, நிலம், குளம் ஆகியவற்றின் விற்பனைக்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. வாங்கும் உரிமை முதலில் உறவினருக்கு, பிறகு அக்கம்பக்கத்தாருக்கு, அதன் பின் கடன் கொடுத்தவருக்கு. இவர்கள் வேண்டாமென்றால்தான் வெளியாளுக்கு. விற்பனையை அந்த வீட்டு வாசலிலேயே, சுற்றியுள்ள நாற்பது குடும்பத்தார் முன்னிலையில் அறிவிக்க வேண்டும். எல்லைகளைச் சொல்லி, இந்த விலைக்கு வாங்குவார் உண்டா என்று மூன்று முறை கூவ வேண்டும். மறுப்பு எழாவிட்டால் கேட்டவர் வாங்கலாம். போட்டியில் விலை ஏறினால், ஏறிய தொகை விற்றவருக்குப் போகாது, அரசுக் கருவூலத்துக்குப் போகும். உரிமையாளர் இல்லாத இடத்தில் விலை கேட்டால் அபராதம்.

அந்தக் கடைசி விதியை நான் பெரிதாக மதிக்கிறேன். சொந்தக்காரர் இல்லாமல் அவர் வீட்டுக்கு விலை பேசுவது குற்றம் என்று அன்றே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. இந்த முறையில் முதலில் விலை சொன்னவர் விற்கிறவர். நாற்பது குடும்பத்தின் காது கேட்கச் சொன்னார்.

நம் கல்வெட்டுகளிலும் அதே வரிசைதான். பிற்காலச் சோழர், பாண்டியர் காலத்து விலையாவணங்கள் பலவற்றில் பேரத்தின் வாசகமே பொறிக்கப்பட்டிருக்கிறது. நிலத்தையோ மனையையோ கொள்வார் உண்டோ என்று விற்பவர் முற்கூற, அப்படியே கொள்வேன் என்று வாங்குபவர் பிற்கூற, இருவரும் தமக்குள் இசைந்த விலை இன்ன காசு என்று போகும். பிறகு அந்தக் காசை ஆவணக்களரியிலேயே, அதாவது ஊர் ஆவணங்கள் எழுதிச் சரிபார்க்கப்படும் இடத்திலேயே, பாக்கியில்லாமல் பெற்றுக்கொண்டதாக விற்றவர் சொல்வார். இதுவே விலைக்கும் ஓலை, பணம் செலுத்தியதற்கும் ஓலை, வேறு ரசீது காட்டத் தேவையில்லை என்ற உறுதியும் சேர்ந்து வரும். ஒரு பத்திர எழுத்தனாக இந்த வாசகத்தைப் படிக்கும்போது எனக்குப் பெருமிதமாக இருக்கும். விற்பவர் சொன்னது, வாங்குபவர் சொன்னது, இசைவு, பணம் கைமாறிய இடம், இனிமேல் கேள்வி எழாதபடி ஒரு கட்டு. இன்று நான்கு பக்கத்தில் எழுதுவதை அவர்கள் சில வரிகளில் முடித்திருக்கிறார்கள்.

விற்பது தனி மனிதரில்லாமல் சபையாக இருந்த சந்தர்ப்பங்களும் உண்டு. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டை, ஆதித்த கரிகாலன் கொலையோடு தொடர்புடையது என்பதால் எல்லாரும் அறிவார்கள். துரோகிகள் என்று பெயர் பெற்றவர்களின் உடைமைகளைப் பறிக்கச் சொல்லும் ராஜராஜன் காலத்து ஆணை அது. எனக்கு அதில் ஈர்ப்பு வேறு இடத்தில். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாரிடமிருந்து ஒருவர் நிலத்தோடு ஆறு அகமனைகளையும் சேர்த்து 112 கழஞ்சு பொன்னுக்கு விலைக்கு வாங்கியதாக அதில் வருகிறது. பறிகொடுத்தவர்கள் விலை பேசவில்லை. அவர்கள் வீட்டு மனைக்கு வேறு யாரோ விலை சொல்லி, வேறு யாரோ ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு ஆங்கில ஆட்சி வந்தது. 1864ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 1865 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்றால் பதிவுப் பத்திரம் வேண்டும் என்று சொன்னது. விற்கிறேன் என்று செய்துகொள்ளும் உடன்படிக்கை, சொத்தில் எந்த உரிமையையும் தானாக உண்டாக்காது என்றும் அதே சட்டம் சொன்னது. வாக்கு வேறு, கிரயம் வேறு என்று அன்று பிரிந்தது. இன்றும் நடைமுறையில் உள்ள 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, பதிவு அலுவலர் முன்னிலையில் பணம் கொடுக்கப்பட்டால் அதைப் பத்திரத்தின் மேலேயே குறிக்கச் சொல்கிறது. ஆவணக்களரியின் வேலை அதுவேதான். ஆனால் ஊரார் அங்கே இல்லை. அலுவலர், இரண்டு சாட்சிகள், வெளியே காத்திருக்கும் அடுத்த பார்ட்டி, அவ்வளவுதான்.

ஊரார் முன்னால் கூவ வேண்டிய கட்டாயம் போனதும், முதலில் விலை சொல்கிற கட்டாயமும் விற்பவருக்குப் போய்விட்டது. அப்பா காலத்துப் பேரத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். காவிரிக்கரை அக்கிரகாரங்களிலிருந்து குடும்பங்கள் சென்னைக்கும் பம்பாய்க்கும் போய், வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்த காலம். விற்பவர் விலை சொல்லமாட்டார். “தாத்தா கட்டின வீடு. என் வாயால அதுக்கு எப்படி விலை சொல்றது? நீங்களே மனசுல இருக்கறதச் சொல்லுங்கோ” என்பார். வாங்க வந்த அரிசி வியாபாரி கையெடுத்துக் கும்பிட்டு, “நான் கொறச்சுச் சொன்னா தப்பாயிடும் சாமி. பெரியவங்க நீங்க சொல்லுங்க, நான் எட்டுதான்னு பாக்கறேன்” என்பார். நடுவில் ஒரு பெரிய மனிதர் இரண்டு வீட்டுக்கும் நடப்பார். இரண்டு மூன்று நாள் நடந்த பிறகு, யார் வாயிலிருந்தும் வராமலே ஒரு தொகை வெளியே வந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பேரம். அக்கிரகாரத்து வீடு என்பது ஒன்றோடொன்று ஒட்டியது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று நீளமாகப் போகும். இரு பக்கச் சுவரும் பக்கத்து வீட்டுக்காரரோடு பொது. எனவே அப்பா ஒவ்வொன்றாகக் கேட்பார். பொதுச்சுவரில் பாதியா, முழுதா? கொல்லைக் கிணற்றில் பங்காளிக்குப் பாத்தியம் உண்டா? முற்றத்து மழைத்தண்ணீர் யார் நிலம் வழியாக வெளியே போகிறது? கொல்லைப்புறச் சந்தில் நடைபாதை உரிமை எழுத்தில் இருக்கிறதா, வழக்கத்தில் மட்டுமா? ஒவ்வொரு கேள்விக்கும் விற்பவர் சொல்லும் பதிலில் விலை கொஞ்சம் இறங்கும், அல்லது நிற்கும். வாங்குபவர் மரத்தூணைத் தட்டிப் பார்த்துக் குறைத்துக் கேட்பதெல்லாம் மேலோட்டம். செக்குபந்தியில்தான் காசு இருக்கிறது என்பது அப்பாவின் உறுதியான எண்ணம். நான்கு எல்லையைச் சரியாகக் கேட்கத் தெரிந்தவர் ஏமாந்து நான் பார்த்ததில்லை.

அச்சாரம் கொடுக்கும் நாளுக்கும் ஒரு பேரம் நடக்கும். ஆடியிலும் மார்கழியிலும் வீட்டுக் காரியம் பேசக் கூடாது. ஆனால் ஆடியில் கையில் காசில்லாத விற்பனையாளர் கிடைத்தால் தரகர்கள் பேச்சை மட்டும் ஆடியில் முடித்துவிட்டு, எழுத்தை ஆவணிக்குத் தள்ளுவார்கள். வெள்ளிக்கிழமை பணம் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பார் வாங்குபவர். வெள்ளிக்கிழமை பணம் வந்தால் நல்லது என்பார் விற்பவர். வியாழனில் வந்து நிற்கும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே 101 அல்லது 1001. அந்த ஒரு ரூபாய்தான் வாக்கு. சாட்சி சொல்ல அந்தக் கூடத்தில் பத்துப் பேராவது இருப்பார்கள். அந்தப் பத்துப் பேர் இருந்ததால்தான் பலர் வாக்கு மாறவில்லை என்று நான் நம்புகிறேன்.

வாக்கு மாறினால் என்ன ஆகும் என்பதை நீதிமன்றங்கள் மெல்ல மெல்ல வகுத்தன. தில்லியில் ஒரு பங்களாவை 1,12,500 ரூபாய்க்குப் பேசி, அச்சாரமாக 1,000 ரூபாயும் விலையில் ஒரு பகுதியாக 24,000 ரூபாயும் வாங்கிய வழக்கில் 1963இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அச்சாரத்தை விற்பவர் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் உள்ள பெருந்தொகையை அபராதம் என்று விழுங்க முடியாது என்றது. அதன் பிறகு அட்வான்ஸ் என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாப் பணத்தையும் எழுதாமல், அச்சாரம் இவ்வளவு, கிரயத்தில் பகுதி இவ்வளவு என்று பிரித்து எழுதச் சொன்னார் அப்பா. விலை பேசுகிற எல்லாருக்கும் இதை இன்றும் சொல்வேன்.

எங்கள் தொழிலில் மிகப் பெரிய மாற்றம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. முத்திரைத் தீர்வை கிரயத் தொகைக்கு விகிதமாகப் போவதால், பத்திரத்தில் தொகையைக் குறைத்துப் போடும் வழக்கம் ஊறிப்போயிருந்தது. சென்னை மாநிலம் 1967இல் முத்திரைச் சட்டத்தில் 47ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. விலை குறைத்துக் காட்டப்பட்டிருப்பதாகப் பதிவு அலுவலர் கருதினால், பதிவு செய்த பிறகு அதை ஆட்சியருக்கு அனுப்பலாம். 1968இல் விதிகள் வந்தன, அதைத் தொடர்ந்து தெருவாரியாக, சர்வே எண் வாரியாக வழிகாட்டி மதிப்புப் பதிவேடு நிலைபெற்றது. வீட்டு விலையின் வரலாற்றில் முதன்முறையாக, வாங்குகிறவரும் விற்கிறவரும் வாய் திறப்பதற்கு முன்பே அரசாங்கம் ஒரு விலையைச் சொல்லிவிட்டது.

அதனால் பேரம் நேர்மையாகிவிடவில்லை, இரண்டாகப் பிளந்தது. ஒன்று பேச்சு விலை. மற்றொன்று பத்திர விலை, அதாவது வழிகாட்டி மதிப்பை ஒட்டிய விலை. முதல் பேரம் முடிந்ததும், பத்திரத்தில் எவ்வளவு, வெளியில் எவ்வளவு என்று இரண்டாம் பேரம். வெளியில் உள்ளது மஞ்சள் பையில் வரும். மத்திய அரசும் உள்ளே இறங்கியது. 1986இல் வருமான வரிச் சட்டத்தில் ஓர் அத்தியாயம் சேர்த்து, பெருநகரங்களில் குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட சொத்துகளை, உடன்படிக்கையில் நீங்கள் சொல்லும் அதே விலைக்கு அரசே வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். குறைத்துச் சொன்னால் வீடு போய்விடும். சென்னையில் பெரிய வீடு வாங்கியவர்களுக்கு இது உண்மையான பயமாக இருந்தது. பாதிக்கப்பட்டவர்களின் பேச்சைக் கேட்காமல் இப்படி எடுக்கக் கூடாது என்று 1992இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002இல் அந்த முறையே முடிவுக்கு வந்தது.

இந்த இரட்டை விலையால் கருவூலத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். என் கவலை வேறு. சாலைக்கும் தொழிற்சாலைக்கும் அரசு நிலம் எடுக்கும்போது, 1894ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீட்டைக் கணக்கிட அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களைத்தான் எடுத்துப் பார்த்தார்கள். பக்கத்து நிலத்துக்காரர் குறைத்து எழுதியது, ஒரு பத்திரமும் எழுதாத ஏழையின் இழப்பீட்டைக் குறைத்தது. அவருக்கும் அந்தப் பேரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதைவிட அருகில், வீட்டுக்குள்ளேயே ஒருவருக்கு அநியாயம் நடந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சொந்தச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு கொடுத்தது. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை மகள் பாகம் கேட்க முடியாது என்று 23ஆம் பிரிவு தடுத்தது. அது 2005 வரை இருந்தது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகளுக்குப் பிறப்புரிமை தந்தது, அந்தத் தேதிக்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டு. இவ்வளவுக்கும் நடுவில் வழக்கம் என்னவாக இருந்தது? வீட்டுக்கு விலை பேசுவதற்கு முன் அக்கா தங்கைகளை அழைத்து, ஒரு பட்டுப் புடவையும் சிறு தொகையும் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். விலை பேசும் கூடத்தில் அவர்களுக்கு இடமில்லை.

வாங்குபவர்களின் வக்கீல்கள் கறாரானதால் இது மாறியது. தொண்ணூறுகளில், விடுதலைப் பத்திரம் போதாது, பெண்களையும் விற்பவர்களாகவே சேர்த்து எழுதுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்படி ஒரு கிரயத்தில் இரண்டு அண்ணன்களோடு ஒரு தங்கை வந்திருந்தார். வரைவை நான் படித்துக் காட்டினேன்.

“அண்ணே, இதுல ரெண்டு லட்சம்னு போட்டிருக்கீங்க. மூணுல ஒரு பங்கு எனக்குன்னு சொன்னாங்க. மீதிப் பணம் எதுல எழுதியிருக்கு?” என்று என்னிடம் கேட்டார்.

மூத்தவர் குறுக்கிட்டு, “அது பத்திரத்துக்கு வெளியில உள்ளதும்மா. உனக்கு எதுக்கு?” என்றார்.

“வெளியில உள்ளதும் இந்த வீட்டுக்குத்தானே அண்ணா குடுக்கறாங்க?”

வாங்க வந்தவர் வாட்சைப் பார்த்தார். தரகர் மூத்தவரைத் தெருமுனைக்கு அழைத்துப் போனார். மதியம் மூன்று மணிக்குத்தான் பேச்சு முடிந்தது. பேச்சு விலையிலேயே மூன்றில் ஒரு பங்கு என்று ஒப்புக்கொண்ட பிறகே அந்தத் தங்கை கையெழுத்துப் போட்டார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் பத்திர விலையில் பங்கு வாங்கிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். இரட்டை விலை என்பது வரி ஏய்ப்பு என்று மட்டும் நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். உடன்பிறந்தவளின் பங்கைக் குறைக்க அது மிக வசதியான கருவியாக இருந்தது. கணவர் போன பின் மைத்துனர்கள் வீட்டை விற்கும்போது விதவைகளுக்கும் அதுவேதான் நடந்தது.

இந்தப் பிளவை ஓரளவு ஒட்டவைத்தது வீட்டுக் கடன். 1977இல் எச்டிஎஃப்சி தொடங்கியபோது மாதச் சம்பளக்காரர் கடன் வாங்கி வீடு வாங்குவது அரிது. தொண்ணூறுகளுக்குப் பிறகு அது சாதாரணமாயிற்று. வங்கி பத்திர விலையைப் பார்த்துத்தான் கடன் தரும். எனவே முழுத் தொகையையும் பத்திரத்தில் காட்டச் சொல்லி வாங்குபவரே கேட்கும் நிலை வந்தது. அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்க 2015 ஜூன் முதல் தடை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை உடன்படிக்கையையும் பதிவு செய்தாக வேண்டும். தாம்பாளத்து வாக்கு சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாயிற்று. நகரத்துச் சொத்து விலை வேகமாக ஏறும் காலத்தில் உடன்படிக்கையின் கெடுவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று, தமிழ்நாட்டுச் சொத்து ஒன்றைப் பற்றிய வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகு மூன்று மாதம் என்றால் மூன்று மாதத்தில் பணத்தோடு நிற்க வேண்டும் என்று வாங்குபவரிடம் அழுத்திச் சொல்லிவிட்டே எழுதினேன்.

அரசு சொல்லும் முதல் விலையோ ஏறியும் இறங்கியும் வருகிறது. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1லிருந்து 4 சதவீதமாக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பை மறுபடி உயர்த்தி, கட்டணத்தை 2 சதவீதத்துக்கு இறக்கினார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் பதிவுத்துறை இணையதளத்தில் தெருப் பெயரைப் போட்டு மதிப்பைப் பார்க்கலாம். பேரத்துக்கு வருகிற சின்னப் பையன்கூட அதைப் பார்த்துவிட்டு வருகிறான். அது நல்லது. நாற்பது குடும்பம் கேட்கக் கூவியதைப் போல, ஒரு விலையாவது எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் இருக்கிறது.

திண்ணையில் இப்போது என் மகன் உட்கார்கிறான். கணினியில் அடிக்கிறான். விற்பவர்கள் மூன்று பேர் என்றால் மூன்று பேர் பெயருக்கும் தனித்தனிக் காசோலை, அதன் எண், தேதி, வங்கி, தொகை எல்லாம் கிரயப் பத்திரத்திலேயே வரிசையாக ஏற வேண்டும் என்று அவன் வற்புறுத்துகிறான். மூத்த மகன் பெயரில் மொத்தமாக ஒரே காசோலை போதும், எங்களுக்குள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்கிற குடும்பங்கள் இன்னும் வருகின்றன. அப்படிப்பட்ட வரைவை, கூடப்பிறந்த பெண்களிடம் தனியாக ஒருமுறை படித்துக் காட்டாமல் அவன் பதிவுக்கு அனுப்புவதில்லை.